சுழித்து எழுதும் எழுத்துருவுக்கு 40 வெள்ளியா?

கேள்வி: மகளுக்குத் தை மாதம் திருமணம். அழைப்பிதழை நானே வடிவமைக்கிறேன். இணையத்தில், மைப்பேனாவால் சுழித்து எழுதியதுபோல் ஓர் ஆங்கில எழுத்துரு கண்ணில் பட்டது. விலை 40. படத்தில் இருப்பதுபோலவே வருமா? அதிலேயே தமிழும் அடிக்கலாமா? (ஈசூன் வாசகி)

பதில்: தமிழ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அடிக்க முடியாது. இந்த வகை எழுத்துருக்களில் பெரும்பாலும் ரோமன் எழுத்துகள் மட்டும்தான் இருக்கும். நீங்கள் தமிழில் தட்டினால், கணினி தன்னிடம் உள்ள வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுவிடும். ஆங்கிலப் பெயர் பட்டுச்சேலையில் இருக்க, தமிழ்ப் பெயர் அலுவலகச் சட்டையில் நிற்கும். தமிழுக்குத் தனியாகத் தேடுங்கள். தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர், கூகல் ஃபாண்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது. லேசாகச் சாய்ந்த கையெழுத்துப் பாணி, சுழிப்பு எழுத்தின் பக்கத்தில் வைத்தால் பொருந்திப்போகும்.

சரி, அந்த 40க்கு வருவோம். முதலில் அது அமெரிக்க டாலரா, நம் சிங்கப்பூர் வெள்ளியா என்று பாருங்கள். இங்கே வரிக்குப் பதிந்துள்ள வெளிநாட்டுக் கடையென்றால், பணம் கட்டும் பக்கத்தில் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரக்கூடும்.

விளம்பரப் படத்தை நம்பி வாங்காதீர்கள். அதில் இருக்கும் சொற்களை, அந்த எழுத்துருவுக்கு எது அழகோ அதைப் பார்த்துத்தான் பொறுக்கியிருப்பார்கள். விற்கும் பக்கத்தில் சொற்களைத் தட்டிப் பார்க்க ஒரு பெட்டி இருந்தால், மணமக்கள் பெயரை அதில் அடியுங்கள். நம் பெயர்களில்தான் சிக்கல். முன்னெழுத்துகள் இரண்டு வந்தால், இரண்டு பெரிய (கேப்பிட்டல்) எழுத்துகளின் சுழிப்புகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ உள்ள பெயரில் அந்தச் சாய்கோடு எழுத்தோடு எழுத்தாகக் கலந்து காணாமல் போகும். முழுப் பெயரையும் கேப்பிட்டல் எழுத்தில் போட்டால் ஒரு பெரியவராலும் வாசிக்க முடியாது. பெயருக்கு மட்டும் சுழிப்பு எழுத்து, தேதிக்கும் மண்டப முகவரிக்கும் சாதாரண எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியபின் வரும் புகார் இன்னொன்று: “படத்தில் இருந்த நீண்ட வால் என் கணினியில் வரவில்லை.” வால் கோப்புக்குள்தான் இருக்கிறது, அதைத் திறந்துவிட வேண்டும். ஒரே எழுத்துக்குப் பல வடிவங்களை உள்ளே வைத்திருப்பார்கள். வேர்டில் என்றால், எழுத்துருப் பெட்டியின் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘லிகேச்சர்ஸ்’ (சேர்ந்து வரும் எழுத்து வடிவங்கள்), ‘ஸ்டைலிஸ்டிக் செட்ஸ்’ (மாற்று வடிவங்களின் தொகுப்புகள்) என்று இருப்பவற்றை மாற்றிப் பாருங்கள். நீங்கள் பயன்படுத்தும் செயலியில் அந்த வசதியே இல்லையென்றால், பாதி எழுத்துருவுக்குத்தான் காசு கொடுத்ததாக ஆகும்.

அதற்கும் முன்னால், வீட்டில் ஏற்கனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேக் கணினியென்றால் ஹெர்மன் ஸாப்ஃப் வரைந்து 1998இல் வெளிவந்த ஸாப்ஃபினோ அதிலேயே இருக்கும். எழுத்துக்கு எழுத்து மாற்று வடிவம் கொண்ட அதைவிட அழகானதை நான் இதுவரை பார்க்கவில்லை. மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸோடு எட்வர்டியன் ஸ்கிரிப்ட் வரும். கூகல் ஃபாண்ட்ஸில் கிரேட் வைப்ஸ், அலெக்ஸ் பிரஷ் இரண்டும் இலவசம். ஒரே ஒரு அழைப்பிதழுக்கு நானாக இருந்தால் 40 கொடுக்க மாட்டேன்.

கேள்வி: வீட்டிலிருந்தே அக்ரிலிக் பெயர்ப் பலகை செய்து விற்கிறேன். ‘சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம்’ என்று போட்டிருந்த எழுத்துருவைத்தான் பயன்படுத்துகிறேன். தவறா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: தவறுதான். மாதம் இரண்டு பலகை விற்றாலும் அது வியாபாரம். எழுத்துரு வாங்கும்போது நீங்கள் வாங்குவது அதைப் பயன்படுத்தும் அனுமதியை. அந்த அனுமதி கணினிக்குத் தனி, இணையத்தளத்துக்குத் தனி, செயலிக்குத் தனி என்று பிரிந்திருக்கும். விற்பனைப் பொருளில் பொறிக்கலாமா என்ற வரியை உரிமத்தில் தேடிப் படியுங்கள். மேலே சொன்ன கூகல் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் இருப்பவை, பலகையில் பொறித்து விற்கலாம். எழுத்துருக் கோப்பைத் தனியாக விற்கத்தான் கூடாது. அப்புறம், லேசரில் வெட்டுவதற்குமுன் ஒட்டியிருக்கும் எழுத்துகளை ஒரே வடிவமாக இணைத்துவிடுங்கள். இல்லையேல் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடங்களிலும் வெட்டு விழும்.

கேள்வி: வேர்டு கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினேன். 300 அட்டையும் வேறு எழுத்தில் வந்துவிட்டன. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: அச்சிடுமுன் மாதிரியை உங்களுக்குக் காட்டினார்களா, நீங்கள் ‘ஓகே’ சொன்னீர்களா? சொல்லியிருந்தால் உங்கள் பக்கம் பலவீனம். அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால், அது வேறொன்றைப் போட்டிருக்கிறது. காட்டாமலேயே அச்சடித்திருந்தால் முதலில் கடையில் பேசுங்கள், மறு அச்சுக்குப் பாதி விலை கேளுங்கள். மசியவில்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. அதற்கும் பிறகு 20,000 வெள்ளிவரை விசாரிக்கும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது, ஆனால் அட்டை தேவைப்படும் நாளுக்குள் அங்கே தீர்வு வரும் என்று எண்ண வேண்டாம். மறுமுறை பிடிஎஃப் ஆக்கி, எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஓர் அட்டையை மட்டும் அச்சடித்துக் கையில் வாங்கிப் பார்த்தபின் மீதி 299ஐ அடிக்கச் சொல்லுங்கள்.