அல்லோலகல்லோலம்: அலையிலிருந்து வந்த சொல்

கேள்வி: ‘ஊரே அல்லோலகல்லோலப்பட்டது’ என்று எழுதுகிறோமே, இச்சொல்லின் நேர்ப்பொருள் என்ன? பிள்ளைகள் பொம்மைகளை இறைத்துப்போட்ட அறையையும் அல்லோலகல்லோலம் எனலாமா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: சொல்லின் உயிர் அதன் பிற்பகுதியில் இருக்கிறது. ‘கல்லோலம்’ என்னும் வடசொல்லுக்குப் பேரலை என்று பொருள். ‘அல்லோலம்’ தமிழில் தனியே வழங்குவதில்லை; கல்லோலத்தோடு ஒலி இயைந்து முன்னே நின்று, ஓர் அலை அடங்குமுன் அடுத்தது எழுவதைச் செவிக்கே உணர்த்துகிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ‘ல்லோ’ இருமுறை புரண்டு வருவது தெரியும். கன்னடத்திலும் இதே வடிவம் உண்டு, தெலுங்கில் ‘அல்லகல்லோலம்’.

வங்காளத்தில் ‘கல்லோல்’ இன்றும் அலையைத்தான் குறிக்கிறது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை மாலுமிகள் வெள்ளையர் ஆட்சிக்கு எதிராகச் செய்த கிளர்ச்சியை வைத்து உத்பல் தத் 1965-இல் மேடையேற்றிய நாடகத்தின் பெயரே ‘கல்லோல்’. கடலின் கொந்தளிப்பையும் மனிதரின் கொந்தளிப்பையும் ஒரே சொல் தாங்கும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தோன்றவில்லை. நம் வழக்கிலோ கடல் மறைந்து குழப்பம் மட்டும் தங்கிவிட்டது.

ஆனாலும் அலையின் அசைவு சொல்லை விட்டுப் போகவில்லை என்பதே என் கருத்து. பொம்மைகள் சிதறிக் கிடக்கும் அறை அலங்கோலமாக இருக்கிறது, அவ்வளவுதான். ரயிலுக்கு அரைமணி நேரமே இருக்கையில் தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை என்று நான்கு பேர் மெத்தையைப் புரட்டி, அலமாரியைக் கலைத்து, ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டு தேடும்போதுதான் அந்த வீடு அல்லோலகல்லோலப்படுகிறது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பிறகு வங்கி வாசல்களில் மக்கள் அலைமோதிய நாள்களுக்கும் இச்சொல் முற்றிலும் பொருந்தும். சட்டமன்றக் கூச்சலுக்கு ‘அமளி’ என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. அதை மாற்ற வேண்டியதில்லை.

எழுதும்போது இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுங்கள். ‘அல்லோலக்கல்லோலம்’ என்று நடுவில் ஒற்றிடுவது இப்போது பெருகிவருகிறது. வடசொல்லை ஒட்டி அமைந்த தொடராதலால் அங்கே ‘க்’ தேவையில்லை.