கம்பெனி பெங்களூரு போகுது, குடும்பத்தோட போலாமா?

கேள்வி: அக்கா வணக்கமுங்க. கோயமுத்தூர்ல ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், சேர்ந்து 4 வருஷம் 5 மாசம் ஆச்சு. பொங்கல் கழிச்சு இங்க ஆபீஸ மூடறாங்களாமுங்க, எல்லாரும் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வரணும்னு மெயில் வந்திருக்குது. கைக்கு 48,000 வருது, 12 பர்சன்ட் ஏத்தித் தர்றாங்களாம், வீடு மாத்தற செலவுக்கு ஒரு மாச சம்பளம் தனியா. சம்சாரம் தனியார் ஸ்கூல்ல 14,000க்கு டீச்சரா இருக்குது. பொண்ணு கார்ப்பரேஷன் ஸ்கூல்ல 7ஆவது, அம்மாவுக்கு சுகர், பிரஷர். இங்க வாடகை 9,500. அங்க ரெண்டு பெட்ரூமுக்கு 22,000 சொல்றாங்க, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். பேசாம ரிசைன் பண்ணிடலாமான்னு தோணுதுங்க. என்னங்க பண்றது?
— பெயர் வேண்டாம், கணபதி, கோவை

பதில்: தம்பி, மொதல்ல ரிசைன் லெட்டர் எழுதற யோசனைய ஓரமா வைங்க, அதுக்குக் காரணம் இருக்கு, கீழ சொல்றேன்.

நானும் 2011ல மதுரைலேர்ந்து இதே மாதிரி பெங்களூரு போனவதான், வீட்டுக்காரருக்கு மாத்தல், நான் வேலைய விட்டுட்டுப் போனேன். சம்பளம் ஏறுதேன்னு சந்தோஷமா போனோம். மூணாவது மாசம் ஒரு நாள் ராத்திரி ரூல்டு நோட்டுல கணக்கு எழுதிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, ஏறுன சம்பளத்தவிட நான் விட்டுட்டு வந்த சம்பளம் பெருசுன்னு. அந்தப் பக்கத்த இன்னும் கிழிக்காம வெச்சிருக்கேன்.

உங்க கணக்கும் அதேதான். கம்பெனி உங்க ஒருத்தர் சம்பளத்தத்தான் பாக்குது, உங்க வீட்டுக்கு வர்றது ரெண்டு சம்பளம். இப்ப 48,000 கூட 14,000, மொத்தம் 62,000. அங்க போனா 12 பர்சன்ட் ஏறினாலும் கைக்கு 53,500 பக்கம்தான் வரும், சம்சாரத்துக்கு உடனே வேலை கிடைக்குமான்னு தெரியாது. அப்ப வருமானத்துலயே 8,500 குறையுது. வாடகைல 12,500 கூடுது. ரெண்டையும் சேத்தா மாசம் 21,000 பள்ளம், இதுல பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ், தண்ணி, பஸ் எதுவுமே சேக்கல. அங்க தொழில் வரியா சம்பளத்துல மாசம் 200 ரூபா பிடிப்பாங்க, அது சின்னது, விடுங்க.

அதனால குடும்பத்தோட இப்பவே போக வேண்டாம். நீங்க மட்டும் போங்க, மே மாசம் வரைக்கும்.

ஏன் மே மாசம்னா, அப்பதான் உங்களுக்கு 5 வருஷம் முடியுது, கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை கிடைக்கும். கடைசியா வாங்கின பேசிக்க, அதாவது அடிப்படைச் சம்பளத்த (டி.ஏ. இருந்தா அதையும் சேத்து) 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி எத்தன வருஷமோ அத்தனையால பெருக்குவாங்க. உங்க பேசிக் 24,000ன்னு வெச்சுக்கிட்டா 69,000 ரூபா வரும், இப்ப கோவத்துல விட்டீங்கன்னா அது போயிடும். பொண்ணுக்கும் அதுக்குள்ள முழுப்பரீட்சை முடிஞ்சிடும்.

நடுவுல அந்த நாலஞ்சு மாசத்த எப்படி ஓட்டறதுன்னா, சாப்பாட்டோட ஷேரிங் பி.ஜி.க்கு 10,000, ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் ஊருக்கு வந்துபோக 4,000ன்னு எடுத்து வைங்க. உங்க 53,500, சம்சாரத்தோட 14,000, அதுல இந்த 14,000 போனா மிச்சம் 53,500. இப்ப இருக்கறதவிட மாசம் 8,500 கம்மி, அஞ்சு மாசத்துக்கு 42,500. கம்பெனி தர்ற ஒரு மாச சம்பளம் இதுக்கு சரியாப் போயிடும். ஆனா அந்தப் பணத்தக் குடுக்கறப்ப ஒரு வருஷத்துக்குள்ள விலகினா திருப்பிக் கட்டணும்னு ஒரு வரி போட்டிருப்பாங்க பாருங்க, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அத தேடிப் படிங்க. ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்னாடியே திறக்குது, அப்பவே போட்டுடுங்க, வெள்ளிக்கிழமை ராத்திரி ஆம்னி பஸ்ஸ நம்பினா பணம் கரைஞ்சிடும்.

மே மாசத்துக்கு அப்புறம் அதே வேலைல இருக்கறதா இருந்தா, பெங்களூருக்குள்ள வீடு பாக்கறதுக்கு முன்னாடி ஓசூர் பாருங்கன்னு நான் அழுத்திச் சொல்வேன். ஓசூரும் இப்ப சல்லிசு இல்ல, காலைல அத்திப்பள்ளி, சந்தாபுரா டிராஃபிக் உயிர எடுக்கும், ஆனா எலக்ட்ரானிக் சிட்டி அங்கிருந்து 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலதான். 2025 ஆகஸ்ட்ல திறந்த மஞ்சள் லைன் மெட்ரோ பொம்மசந்திரா வரைக்கும் வந்திருக்கு, அதுவரைக்கும் பஸ்ல போய் ஏறிக்கலாம்.

முக்கியமா உங்க பொண்ணு. அரசுப் பள்ளில 6லேர்ந்து 12 வரைக்கும் படிச்சாதான் மெடிக்கல், இன்ஜினியரிங்ல அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு. பெங்களூருல சேத்தீங்கன்னா அது அறுந்துபோச்சு, கூடவே கன்னடத்த அ ஆவிலேர்ந்து ஆரம்பிக்கணும். 8ஆவதுல அது பாவம் இல்லையா? ஓசூர்ல அரசுப் பள்ளில சேத்தா தொடரும். அம்மாவுக்கும் மக்களைத் தேடி மருத்துவத்துல சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். சம்சாரம் தமிழ்நாட்டு சிலபஸ் எடுக்கற டீச்சர்னா வேலை தேடறதும் அங்கதான் சுலபம்.

பெங்களூருலயேதான் வீடுன்னு ஆனா, ஓனர்கிட்ட மொத கேள்வி தண்ணியப் பத்தி இருக்கட்டும், காவேரியா, போர்வெல்லா, டேங்கரான்னு. 2024 கோடைல போர்வெல் வத்தி அந்த ஊரு பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல. அடுத்து, காலி பண்றப்ப பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பாங்கன்னு அக்ரிமென்ட்லயே எழுதி வாங்குங்க. எங்க ஓனர் கடைசி நாள்ல ஒரு மாச வாடகைய பிடிச்சுக்கிட்டாரு, செவுத்துல ஒரு ஆணி கூட அடிக்காம இருந்தோம், அன்னிக்கு சாமான் ஏத்தின லாரி கிட்ட நின்னு அழுதுட்டேன்.

கம்பெனிகிட்ட பர்சன்டேஜ் பேசாதீங்க, மேல நான் போட்ட கணக்க ஒரே பேப்பர்ல எழுதி எச்.ஆர்.க்கு மெயிலா அனுப்புங்க. மூணு விஷயம் கேளுங்க. வீட்டு அட்வான்சுக்கு வட்டியில்லாத கடன், மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சுக்கட்டும். வாரத்துல ரெண்டு நாள் வீட்லேர்ந்து வேலை, அக்கவுண்ட்ஸ்ல மாசக் கடைசி தவிர இது நடக்கிற காரியம்தான். மூணாவது, வர முடியாதவங்களுக்கு என்ன செட்டில்மென்ட்னு எழுத்துல. உங்கள மாதிரி இருக்கறவங்க நாலஞ்சு பேர் சேர்ந்து கேட்டா இன்னும் நல்லது. வாயால ஒத்துக்கிட்டத நம்பி மட்டும் வீட்டக் காலி பண்ணாதீங்க.

ஒரு சனிக்கிழமை சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு காலைல வந்தே பாரத் ஏறுங்க, ஓசூர்ல நிக்குது. ரெண்டு வீடு, ஒரு ஸ்கூல் பாத்துட்டு சாயந்திரம் திரும்பிடுங்க. எச்.ஆர். என்ன பதில் போட்டாங்கன்னு எனக்கு எழுதுங்க தம்பி, பாத்துட்டு மேல பேசலாம்.