சிஸ்டரிடம் கேளுங்கள்: ஆறு மாதத்தில் தாதியாகலாமா?

கேள்வி: உயர்தரம் உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. மருத்துவத்துக்குப் புள்ளி காணாது. தாதியாக விருப்பம். வவுனியா ரவுனில் ஆறு மாதத் தாதிப் பயிற்சி என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது கட்டலாம் என்கிறா அம்மா. சேரட்டுமா?
- மாணவி, விசுவமடு

பதில்: நகை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும் பிள்ளை. ஆறு மாதத்தில் நோயாளியைத் துடைத்து உடுப்பு மாற்றவும் பிரஷர் பார்க்கவும் பழகலாம். அது பராமரிப்பாளர் வேலை, குறைவான வேலை இல்லை. ஆனால் அதை முடித்தவர் தாதி ஆகிவிடமாட்டார். அங்கே போனால் ஒன்றை மட்டும் கேளும்: "முடித்தால் இலங்கைத் தாதியர் சபையில் பதியலாமோ?" பதில் சுற்றி வளைத்து வந்தால் பஸ் ஏறி வீட்டுக்கு வாரும்.

உமக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரி. மூன்று வருடம், மாதக் கொடுப்பனவும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கிறது. அறிவித்தல் வர்த்தமானியில்தான் வரும், வெள்ளிக்கிழமைகளில் பார்த்துக்கொள்ளும். எந்த ஆண்டு உயர்தரம் எழுதியவர்களைக் கேட்டிருக்கிறார்கள் என்பதை முதலில் வாசியும்.

மற்றது பல்கலைக்கழகத் தாதியியல் பட்டம். நான்கு வருடம், ஆங்கில மொழியில். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சிநேகிதிக்குரிய வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயப்படாதேயும், அது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். 55 வீத இடம் மாவட்ட அடிப்படையில் போகிறது, பின்தங்கிய மாவட்டங்களுக்கு இன்னும் 5 வீதம். உமது முல்லைத்தீவு மாவட்டமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. படிவத்தில் பாடநெறிகளை உமது விருப்பப்படியே வரிசைப்படுத்தும். புள்ளி எட்டுகிறவற்றில் நீர் மேலே போட்டதைத்தான் தருவார்கள். "கிடைக்கிறதை மேலே போடு" என்று பக்கத்து வீட்டு அண்ணா சொன்னால் சிரித்துவிட்டு வாரும்.

சரி, இரண்டுக்கும் போடும். ஆனால் அதற்கு முன் கடதாசிகளைப் பாரும். நான் அனுபவப்பட்டுச் சொல்கிறேன். என் பிறப்புச் சான்றிதழில் அப்பா கந்தையர், அடையாள அட்டையில் கந்தையா. அந்த ஒரு வித்தியாசத்துக்காக என் விண்ணப்பம் ஓர் அலுவலகத்தின் கோவைக்குள் கிடந்தது. திரும்பி வந்தபோது முடிவுத் திகதி தாண்டி இருபது நாள். ஒரு வருடம் வீட்டில் மிளகாய் காயவைத்துக்கொண்டு இருந்தேன்.

உமது வயதுப் பிள்ளைகளுக்கு இது இன்னும் சிக்கல். 2009 இல் பதுங்குகுழியோடு விட்டுவிட்டு வந்த சான்றிதழ்கள் எத்தனை! பிறகு அவசரத்தில் எடுத்த பிரதிகளில் ஊர் ஒரு மாதிரி, பெயர் ஒரு மாதிரி. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரணதர, உயர்தரப் பெறுபேறு எல்லாவற்றையும் பாயில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாரும். பிழை இருந்தால் இப்போதே பிரதேச செயலகத்துக்குப் போய், திருத்தமா சத்தியக்கடதாசியா என்று கேட்டு, வேலையை முடித்துவிடும். அறிவித்தல் வந்தபிறகு ஓடினால் நேரம் காணாது.

தபாலில் அனுப்பச் சொன்னால் பதிவுத் தபாலில்தான் போடும். அந்தத் துண்டை எறியாதேயும், அம்மாவின் நகைப்பெட்டிக்குள் வையும்.