கல்மரத்தடியில டைனோசர் நிக்கலாமா?

கேள்வி: திருவக்கரை கல்மரப் பூங்கா போயிட்டு வந்ததுலேருந்து என் பொண்ணு அந்த மரத்தடியில டைனோசர் நிக்கிற மாதிரியே படம் வரையுறா, சரியா சார்?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வரையட்டும்மா, ஆனா கல்லா மாறிப்போன அந்த மரங்களுக்கு வயசு சுமார் 2 கோடி வருஷம், டைனோசரெல்லாம் 6.6 கோடி வருஷம் முன்னாடியே போயாச்சு (அதோட வாரிசான பறவைங்க வேணா கிளையில உக்காரலாம்). ஃபாசில (பழங்கால உயிருங்களோட கல்லாகிப்போன மிச்சத்தை) வச்சு இப்படி வரையுறதுல முன்னோடி 1830ல இங்கிலாந்துல ஹென்றி டி லா பெஷ்ங்கிற புவியியலாளர் போட்ட வாட்டர்கலர்தான், மேரி ஆனிங்ங்கிற ஃபாசில் சேகரிக்கிற அம்மா கடலோரப் பாறையில தேடி எடுத்த எலும்புகளை வச்சு ஒரு கடல் ஊர்வன இன்னொண்ணோட கழுத்தைக் கடிக்கிற மாதிரி வரைஞ்சாரு, அதோட பிரிண்ட் வித்த காசு கஷ்டத்துல இருந்த அந்தம்மாவுக்கே போச்சு, எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயமே அதான். கலர் பத்தி கவலை வேணாம், பெரியவங்க போடுறதே பெரும்பாலும் யூகம்தான்.