பட்டறை பதில்கள்: 300 அடி இழுவை

ஓஹையோவில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஆகஸ்டில் போகிறோம். பௌலிங் கிரீனில் டிராக்டர், டிரக் இழுவைப் போட்டிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறான். வண்டி வண்டியை இழுப்பதில் பார்க்க என்ன இருக்கிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை

1967 முதல் அந்த ஊரில் நடக்கும் பெரிய போட்டி அது. வண்டியை வண்டி இழுப்பதில்லை. ஒவ்வொரு வண்டியாக வந்து ஸ்லெட் என்ற ஒரே பாரச் சட்டத்தை இழுக்கும். எத்தனை அடி போனது என்பதுதான் கணக்கு.

நம் நெல்லையப்பர் தேரில் முதல் அசைவுதான் கஷ்டம், நகர்ந்துவிட்டால் பிறகு ஓடும். ஸ்லெட் அதற்கு நேர் எதிர். அதன் பின்பக்கம் சக்கரம் உண்டு. முன்பக்கம் மண்ணோடு உரசும் இரும்புத் தகடு. மேலே பல டன் எடை ஏற்றிய பெட்டி. கிளம்பும்போது பெட்டி பின் சக்கரங்களுக்கு மேலே இருக்கும். சக்கரம் சுழலச் சுழல, அந்தச் சுழற்சியே கியர், சங்கிலி வழியாகப் பெட்டியை முன்னால் நகர்த்தும். பாரம் சக்கரத்தை விட்டுத் தகட்டின் மேல் ஏறும், தகடு மண்ணைக் கவ்வும். வண்டி தன் எமனைத் தானே இழுத்து வருகிறது என்று சொல்லலாம். முதல் 100 அடியில் எல்லா வண்டியும் சூரன்தான். 200 அடிக்கு மேல்தான் சாயம் வெளுக்கும். அதனால் கிளம்பும் இடத்தில் உட்காராதீர்கள். 200 அடிக்கும் 300 அடிக்கும் நடுவே, ஐந்தாறு படி மேலே இடம் பிடியுங்கள்.

300 அடியைத் தாண்டினால் முழு இழுவை. ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் தாண்டினால், ஸ்லெட்டை இன்னும் கடினமாக்கி அவற்றை மட்டும் மறுபடி இழுக்க விடுவார்கள். ஒரு பிரிவில் முதலில் வரும் வண்டி ஸ்லெட்டுக்குச் சோதனை மாதிரி. அது சுலபமாக ஓடிவிட்டால் எடையை மாற்றி மறுபடி தொடங்குவார்கள், 'என்ன, ஆட்டம் கலைந்துவிட்டதே' என்று நினைக்க வேண்டாம். ஓரக்கோட்டைத் தாண்டிய வண்டிக்கு எத்தனை அடி போயிருந்தாலும் கணக்கு இல்லை.

ஐந்து வயதுப் பேரனை இதுமாதிரி போட்டிக்குக் கூட்டிப் போகலாமா? காதில் பஞ்சு வைத்தால் போதுமா?
– வாசகி, வள்ளியூர்

கூட்டிப் போகலாம். வெறும் பஞ்சு மட்டும் போதவே போதாது. சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், சாயங்காலம் முழுக்க நீடிக்கும். பெரியவர்களுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் போதும். அதை விரலால் மெல்லிய திரியாக உருட்டுங்கள். மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, திரியை உள்ளே விட்டு 30 நொடி அழுத்தி வையுங்கள். அது விரிந்து நின்றால்தான் பலன். முக்கால்வாசி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வைக்காததற்குச் சமம். சின்னப் பிள்ளையின் காதில் அது சரியாகப் பொருந்தாது. அவனுக்குத் தலைமேல் மாட்டும் சிறுவர் அளவு காது மூடி வாங்குங்கள். வீட்டிலேயே ஒரு மணி நேரம் போட்டுப் பழக்காவிட்டால் அங்கே கழற்றி எறிவான்.

புகைக்கு ஒரே வழி: மைதானக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, காற்று வரும் பக்கம் உட்காருவது. இளைப்பு உள்ளவர்களுக்கு அதுவும் போதாது. வெள்ளைச் சட்டை வேண்டாம்.

அங்கே இழுக்கும் பிக்கப்பில் நம்ம டாடா லாரியின் கம்மின்ஸ் எஞ்சின்தான் என்கிறார்களே, நிஜமா?
– லாரி ஓட்டுநர், ஆலங்குளம்

பெரும்பாலும் நிஜம். 1613 டிசி போன்ற வண்டிகளில் வந்த 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினின் குடும்பம்தான் 1989 முதல் டாட்ஜ் பிக்கப்பில் போனது. சிலிண்டரின் அகலம் (போர்) 102 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 120 மில்லிமீட்டர். 1613-இல் சுமார் 130 குதிரைத்திறன். இழுவைக் களத்தில் அதே அளவு எஞ்சின் ஆயிரத்தைத் தாண்டும். பெரிய டீசல் பம்ப், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பெரிய டர்போ, தண்ணீர் தெளிப்பு, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை இறுக்கத் தடித்த ஸ்டட், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் ஐஸ் தண்ணீர் என்று எல்லாம் மாற்றியிருப்பார்கள். அந்த எஞ்சின் ஒரு தடவைக்குச் சில நொடிதான் உழைக்கிறது. உங்களுடையது கயத்தாறு தாண்டி மதுரை வரை சுமையோடு போக வேண்டும். பம்ப் ஸ்க்ரூவைத் திருகி அதே மாதிரி புகை விட ஆசைப்பட்டால் முதலில் ஹெட் கேஸ்கட் போகும், பிறகு பிஸ்டன் உருகும்.

பிரிவுகளை எப்படிப் பிரிக்கிறார்கள்?
– வாசகர், சங்கரன்கோவில்

மாட்டு வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று பிரிக்கிறோம் அல்லவா? டீசல் டிரக்கில் டர்போவின் காற்று வாய் அகலம்தான் முக்கிய அளவு: 2.5, 2.6, 3 அங்குலம் என்று. இழுவை முடிந்ததும் அளவுக்கட்டையை நுழைத்துச் சோதிப்பார்கள். நுழையக் கூடாத கட்டை நுழைந்தால் பரிசு போச்சு. கொக்கியின் உயரத்துக்கும் உச்சவரம்பு உண்டு, பல பிரிவுகளில் 26 அங்குலம். கொக்கி உயர்ந்தால் பின் டயரில் பாரம் ஏறும், முன் டயர் லேசாகிவிடும்.

டீசல் எஞ்சின் கைமீறி ஓடினால் நாங்கள் கோணிச்சாக்கை வைத்துக் காற்றை அடைப்போம். அங்கே என்ன செய்வார்கள்?
– மெக்கானிக், களக்காடு

தத்துவம் அதேதான். டர்போ சீல் போய் எஞ்சின் தன் ஆயிலையே குடிக்க ஆரம்பித்தால் டீசலை நிறுத்தியும் பலன் இல்லை; காற்றைத்தான் அடைக்க வேண்டும். அதனால் காற்றுக் குழாயில் ஒரு தகடு இருக்கும். அதை இழுக்கும் கம்பியை ஸ்லெட்டோடு மாட்டிவிடுவார்கள். சங்கிலி அறுந்து வண்டி விலகினால் கம்பியே தகட்டை மூடிவிடும். டர்போ வெடித்தால் துண்டுகள் பறக்காமலிருக்கப் புகைக் குழாயில் இரண்டு போல்ட் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். ஜாயிண்ட் ஷாஃப்டைச் சுற்றியும் இரும்புக் காப்பு உண்டு. வண்டி துள்ள ஆரம்பித்தால் கவனியுங்கள்: டயர் பிடிப்பதும் விடுவதுமாக இருக்கும்போதுதான் ஷாஃப்டின் மூட்டான கிராஸும் ஆக்சிலும் உடையும். கறுப்புப் புகை சட்டென்று வெள்ளையானால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டது என்று பக்கத்தில் இருப்பவரிடம் தைரியமாகப் பந்தயம் கட்டலாம்.

பிசான அறுப்பு முடிந்ததும் இரண்டு டிராக்டரைப் பின்னுக்குப் பின் சங்கிலியில் கட்டிப் போட்டி வைக்க நினைக்கிறோம்.
– இளைஞர்கள், அம்பாசமுத்திரம்

வேண்டாம். ஸ்லெட் நகரும், பாரம் படிப்படியாக ஏறும். எதிர் டிராக்டர் அப்படி இல்லை. பின் சக்கரம் சுழல முடியாமல் நின்றால் எஞ்சின் சக்தி முன்பாகத்தைத் தூக்கும். சங்கிலியை டாப் லிங்க் (கலப்பையின் மேல் கம்பி) மாட்டும் உயரமான இடத்தில் கட்டியிருந்தால் கிளட்சை மிதிப்பதற்குள் வண்டி ஓட்டுநர் மேலேயே மல்லாந்துவிடும். பஞ்சாபில் டிராக்டர் சாகசத்தில் ஒருவர் இறந்த பிறகு 2023 அக்டோபரில் அரசே அதற்குத் தடை போட்டது.

சேற்றுழவில் வண்டி புதைந்தாலும் இதே ஆபத்துதான். சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னால் ஏற்றப் பார்க்காதீர்கள். கலப்பையைக் கழற்றி, சக்கரத்துக்குப் பின்னால் சேற்றை வெட்டி, ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். வரவில்லையென்றால் இன்னொரு டிராக்டரின் டிராபாரில் (பின்னால் இருக்கும் இழுவைக் கம்பி), ஆக்சிலுக்குக் கீழே சங்கிலி மாட்டி, உதறாமல் இழுங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் சங்கிலி நீளத்தைவிடத் தள்ளி நிற்கட்டும்.