தொற்றுநோய்க் காலத்தில் கல்லூரிக்குப் போய்வருவது எப்படி?

கேள்வி இதுதான்: தொற்றுநோய் பரவும் காலத்தில் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களும் ஊழியர்களும் எப்படிப் பாதுகாப்பாகப் பயணம் செய்வது, நிர்வாகம் என்ன செய்ய வேண்டும்?

சென்னைக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஆசிரியராக இருக்கிறேன். கொரோனா காலத்தில் பாடம் நடத்துவதோடு கல்லூரிப் பஸ்களின் பொறுப்பும் என்னிடம் இருந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உடம்பு சரியில்லாதவர் வீட்டிலேயே இருந்துவிடலாம், அதனால் வருகைப்பதிவோ மதிப்பெண்ணோ சம்பளமோ குறையாது என்று கல்லூரி முதலில் எழுத்தில் உறுதி தர வேண்டும். முகக்கவசம், ஜன்னல், பரிசோதனை எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

தமிழ்நாட்டில் 2020 டிசம்பர் 7 அன்று இளநிலை இறுதியாண்டு மாணவர்களுக்கு வகுப்புகள் திறந்தன. அதன் பிறகு விடியற்காலையிலேயே பெற்றோரிடமிருந்து போன் வரத் தொடங்கியது. "சார், ராத்திரி பையனுக்கு உடம்பு சுட்டது. மாத்திரை கொடுத்தோம், இப்போது விட்டுவிட்டது. இன்றைக்கு லேப் இருக்கிறதாம். அனுப்பலாமா?" வேண்டாம் என்றால், மறுபக்கம் சற்று நேரம் பேச்சே இருக்காது. பிறகு, "அட்டெண்டன்ஸ் போய்விடாதா சார்?" என்பார்கள். அந்தப் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். மருத்துவச் சான்று இருந்தால் 65 வரை இறங்கலாம். கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய வீட்டில் அந்த எண் எத்தனை பெரிய பயம் என்பது எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு நன்றாகவே தெரியும். பயம் இருக்கும் இடத்தில் காய்ச்சலை மறைக்கத்தான் செய்வார்கள். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வரும் பிள்ளையின் நெற்றியில் வெப்பமானியைக் காட்டினால் அது 'சரி' என்றுதான் சொல்லும்.

காய்ச்சலே வராதவரிடமிருந்தும் தொற்றும் என்பது இன்னொரு சிக்கல். சீனாவின் நிங்போ நகரில் 2020 ஜனவரி 19 அன்று ஒரு புத்தர் கோயில் வழிபாட்டுக்கு இரண்டு பஸ்களில் மக்கள் போனார்கள். 68 பேர் இருந்த பஸ்ஸில் ஒருவருக்குத் தொற்று இருந்தது. அறிகுறிகள் தெரியத் தொடங்கியது பயணம் முடிந்த பிறகுதான். போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம். அந்தப் பஸ்ஸில் அவரைத் தவிர இன்னும் 23 பேருக்குத் தொற்றியது. மற்ற பஸ்ஸில் ஒருவருக்கும் வரவில்லை. வண்டியின் ஏசி உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர்கள் மட்டுமல்ல, பல வரிசை தள்ளி உட்கார்ந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். திறக்கக்கூடிய ஜன்னல் அருகே இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள்.

ஐம்பது நிமிடம் என்பது தாம்பரத்திலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ எத்தனையோ கல்லூரிகளுக்குப் பஸ் போய்ச் சேரும் நேரம். ஆகவே கம்பியைத் துடைப்பதில் செலவிடும் அக்கறையில் பாதியையாவது காற்றுக்குக் கொடுங்கள். தொற்றுள்ள ஒரு பரப்பை ஒருமுறை தொடுவதால் கொரோனா வரும் வாய்ப்பு 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. கை கழுவுவது எப்போதும் நல்லது. ஆனால் காலையில் வண்டி முழுக்க மருந்தடித்துவிட்டு, அதே வண்டியை ஜன்னல் அடைத்து ஓட்டினால் என்ன பயன்?

ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வது எளிது, திறந்தே வைத்திருப்பதுதான் கடினம். மார்கழிக் காலையில் குளிர்காற்று முகத்தில் அறையும். தலைமுடி கலைகிறது என்று ஒருவர் மூடுவார், தூக்கம் வருகிறது என்று இன்னொருவர் மூடுவார். மழை பிடித்தால் எல்லாமே மூடிவிடும். எங்கள் பஸ்களில் கடைப்பிடித்த வழி, ஒவ்வொரு ஜன்னலும் நான்கு விரல் அளவுக்காவது எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பதுதான். கண்ணாடியை அதற்கு மேல் மூட முடியாதபடி சட்டத்தில் ஒரு சிறு மரத்துண்டைச் செருகிவிட்டோம். மழை நாளில் சாரல் அடிக்காத பக்கத்தைத் திறந்துவைத்தோம். முன்னும் பின்னும் திறந்திருந்தால் ஓடும் வண்டியில் காற்று தானாகவே மாறிக்கொண்டிருக்கும். மூன்று பேர் இருக்கையில் இருவர், இரண்டு பேர் இருக்கையில் ஒருவர் என்று உட்காரவைத்தோம். அதற்குக் கூடுதல் நடை ஓட்ட வேண்டியிருந்தது, டீசல் செலவும் ஏறியது. அந்தச் செலவை நிர்வாகம்தான் ஏற்க வேண்டும். மாணவர் தலையில் பஸ் கட்டணமாக ஏற்றினால், அவர்கள் நெரிசலான ஷேர் ஆட்டோவுக்கு மாறிவிடுவார்கள்.

முகக்கவசத்தைப் பொறுத்தவரை, மூடிய இடத்தில் துணிக் கவசம் போதாது. என்95 வகை, மூக்கின் மேல் உள்ள கம்பியை அழுத்திப் பொருத்தி, ஓரங்களில் காற்று கசியாமல் அணிய வேண்டும். மூச்சை ஊதும்போது மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தால் அது சரியாகப் பொருந்தவில்லை.

நெல்லையிலிருந்தோ தேனியிலிருந்தோ விடுதிக்கு வருகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இரவு முழுக்கத் திரை போட்ட ஏசி படுக்கைப் பஸ்ஸைவிட, ஜன்னல் திறந்த சாதாரணப் பஸ்ஸோ ரயிலின் ஏசி இல்லாத பெட்டியோ மேல். களைப்பாக இருக்கும்தான், ஆனாலும் நான் என் மகளுக்கு அதைத்தான் சொல்வேன். சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு, வண்டி நிற்கும் இடத்தில் இறங்கி வெளியில் நின்று சாப்பிடுங்கள். வழியோர ஓட்டலின் உள்ளே எல்லோரும் ஒரே நேரத்தில் கவசத்தைக் கழற்றுவார்கள், ஆபத்து அங்கேதான். சென்னை ஐஐடியில் 2020 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்தபோது, மாணவர்கள் விடுதி உணவகத்தில் கூடியதைத்தான் காரணமாகச் சுட்டினார்கள். பயணத்தை எத்தனை கவனமாகச் செய்தாலும் போய்ச் சேரும் இடத்தில் பந்தி வைத்தால் எல்லாம் வீண். விடுதிகள் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கொடுக்கட்டும், அல்லது மரத்தடியில் பரிமாறட்டும்.

வந்து இறங்கிய அன்றே பரிசோதனை செய்து 'இல்லை' என்று வந்தால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வழியில் தொற்றியிருந்தால் அன்றைக்குத் தெரியாது. நான்கைந்து நாள் கழித்து இன்னொரு பரிசோதனை, அதுவரை அறையிலும் கவசம், வகுப்பு இணையவழியில். இதற்கு இடம்தராத விடுதி அந்தக் காலத்தில் திறக்கவே கூடாது.

ஆசிரியர்களின் பயணத்தில் பாதியைக் குறைக்கவே முடியும். கருத்தரங்கு, ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு, கூட்டம் எல்லாம் இணையத்தில் நடந்தன, ஒன்றும் கெட்டுப்போகவில்லை. செய்முறைத் தேர்வுக்குப் புறத் தேர்வாளராகப் போவதுதான் கவலை. ஒரே ஆள் வாரத்தில் பல கல்லூரிகளின் ஆய்வகங்களுக்குப் போய் வருவார். அவருக்கு அறிகுறி இருந்தால் கடைசி நேரத்தில் வேறொருவர் போகும் ஏற்பாடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால், தேர்வு நின்றுவிடுமே என்று அவர் மாத்திரை போட்டுக்கொண்டு போவார்.

ஓட்டுநர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மாணவர் ஒரு பஸ்ஸில் ஒரு மணி நேரம் இருந்தால், ஓட்டுநர் காலை நடை, மாலை நடை, இடையில் கூடுதல் நடை என்று எல்லோருடைய மூச்சுக்காற்றிலும் இருக்கிறார். பலர் ஐம்பதைக் கடந்தவர்கள், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள். எங்கள் ஓட்டுநர் அண்ணன் ஒருவர் இருமலை அடக்கிக்கொண்டு சாவியை வாங்க வந்து நின்றார். விடுப்பு எடுத்தால் அன்றைய சம்பளம் இல்லை. அவரைத் திருப்பி அனுப்புவதைவிட அந்த நாள் சம்பளத்துக்கு ஒப்புதல் வாங்குவதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. ஓட்டுநருக்கு நல்ல கவசத்தைக் கல்லூரியே தர வேண்டும். அவருக்குப் பின்னால் உள்ள முதல் வரிசையைக் காலியாக விட வேண்டும். மாற்று ஓட்டுநர்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, நோயில் விடுப்பு எடுத்தவரின் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுக்க வேண்டும்.