ஆறு மாத ‘பி2 டிப்ளோமா’வுக்குக் காணி உறுதியை அடகு வைக்கலாமா?

கேள்வி: தம்பலகாமத்தில் இருந்து எழுதுகிறேன். என் மகன் உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் படித்து, பிறகு மின்னியலில் என்விகியூ 4 முடித்து, இப்போது வாகன வயரிங் வேலை செய்கிறான். திருகோணமலை டவுனில் கூட்டம் வைத்த ஓர் ஏஜென்ட், கொழும்பில் ஆறு மாத வார இறுதி வகுப்பு முடித்தால் ‘சர்வதேச பி2 டிப்ளோமா’ கிடைக்கும், உடனே டோஹாவில் விமான எலக்ட்ரிக்கல் வேலை என்கிறார். மொத்தம் ஒன்பது லட்சம். மூன்று லட்சத்தை இந்த மாதத்துக்குள் கட்ட வேண்டுமாம். காணி உறுதியை வைத்துக் கட்டலாமா? இல்லாவிட்டால் சீனக்குடா விமானப்படையில் சேர்ந்தால் அந்த லைசன்ஸ் கிடைக்குமா?

பதில்: கட்ட வேண்டாம், அம்மா. உறுதி பெட்டியிலேயே இருக்கட்டும்.

‘பி2’ என்பது டிப்ளோமாவின் பெயர் அல்ல. விமானத்தின் மின்னியல், ஏவியோனிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்) வேலைகளைச் சரிபார்த்து, ‘இந்த விமானம் பறக்கலாம்’ என்று கையெழுத்து வைக்கும் உரிமை தரும் லைசன்ஸ் வகை அது. அதை எந்தக் கல்லூரியும் கொடுக்க முடியாது. இங்கே இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகாரசபை கொடுக்கும், ஐரோப்பாவில் ஈயாசா (ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை) முறைப்படி அந்தந்த நாட்டு அதிகாரசபை கொடுக்கும். கல்லூரி தருவது பாடப் பரீட்சைச் சான்றிதழ் மட்டும். லைசன்ஸுக்கு அதோடு, உண்மையான விமானத்தில் மேற்பார்வையாளர் கையெழுத்துடன் பதிந்த அனுபவமும் வேண்டும். ஏஜென்ட்மார் இந்த இரண்டாவது பாதியைப் பற்றி வாயே திறப்பதில்லை.

ஐரோப்பிய விதியில் பி2 அடிப்படைப் பயிற்சி குறைந்தது 2400 மணித்தியாலம். அதில் வகுப்புப் பாடம் 50 முதல் 60 வீதம்; மிச்சம், அதாவது குறைந்தது 960 மணித்தியாலம், கைவேலை. ஏஜென்ட் சொன்னதைக் கணக்குப் போடுங்கள்: 26 வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு ஆறு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 312. எட்டில் ஒரு பங்குதான் வருகிறது. ஒரு நாள்கூடத் தவறாமல் போனாலும் அவ்வளவுதான்.

அந்தப் பயிற்சியை முழுமையாக முடித்தவருக்கே அதன் பிறகு 2 வருட அனுபவம் கேட்கிறார்கள். தொழில்நுட்பக் கைத்தொழிலில் தேர்ச்சி பெற்றவர் என்று அதிகாரசபை ஏற்றுக்கொண்டால் 3 வருடம். ஒன்றும் இல்லாமல் தானே படித்துப் பரீட்சை எழுதுபவருக்கு 5 வருடம். உங்கள் மகனின் என்விகியூ 4 அந்த மூன்று வருடக் கணக்கில் சேருமா என்பதை அதிகாரசபைதான் எழுத்தில் சொல்ல வேண்டும். ஏஜென்ட் ‘சேரும்’ என்று தலையாட்டினால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

பரீட்சை 12 மொடியூல் (தனித்தனிப் பாட அலகு): 1 முதல் 10 வரை, பிறகு 13, 14. மூன்று விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் கேள்விகள், கேள்விக்கு 75 செக்கன், சித்திக்கு 75 வீதம். மின்னியல் அடிப்படையான மொடியூல் 3இல் 52 கேள்வி என்றால் 39 சரியாக வர வேண்டும். தவறினால் அதே பாடத்தை மறுபடி எழுத 90 நாள் காத்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிலையம் தனியாக மீள்பயிற்சி கொடுத்தால் 30 நாள். தொடர்ந்து மூன்று தடவை தவறினால் ஒரு வருடம் நிற்க வேண்டும். ‘கேள்விக் கொத்து தருகிறோம்’ என்று விற்பவர்களிடம் மகனை விடாதீர்கள். பரீட்சையில் மோசடி பிடிபட்டால் 12 மாதம் எந்த மொடியூலும் எழுத முடியாது.

இங்கே எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடக்கும் அநியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளை பௌதிகவியலை, ஆடலோட்டத்தை, நிலைமாற்றியைத் தமிழில் நன்றாகப் படித்திருக்கும். பரீட்சை ஆங்கிலத்தில். விளங்கிய கணக்கே சொல் விளங்காமல் தவறிப்போகிறது. அதிகாரசபை இருப்பது கட்டுநாயக்கவில். ஒரு படிவத்தைப் பற்றிக் கேட்கக்கூட ஒரு நாள் பயணம். தமிழில் ஒரு சிறு வழிகாட்டி அச்சடிக்க இத்தனை வருடம் எவருக்கும் கை வரவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஏஜென்ட் வந்து மண்டபம் எடுத்துக் கூட்டம் வைக்கிறார்.

அவரிடம் ஒரே ஒரு கடதாசியைக் கேளுங்கள்: விமானப் பராமரிப்புப் பயிற்சி நிலையங்களுக்கான விதியான 147ஆம் பகுதியின் அங்கீகாரச் சான்றிதழ். ‘இணைக்கப்பட்டது’, ‘அனுசரணை பெற்றது’ என்ற சொற்களை விட்டுவிடுங்கள், அவை அங்கீகாரம் ஆகா. சான்றிதழில் இலக்கம் இருக்கும். அந்த நிலையம் எந்தெந்த லைசன்ஸ் வகையைக் கற்பிக்கலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கும். ‘ஏ’ மட்டும் எழுதியிருந்தால் பி2 படிப்பிக்க அனுமதி இல்லை. விலாசமும் இருக்கும், வகுப்பு நடக்கும் கட்டடம் அந்த விலாசமாக இருக்க வேண்டும். ஈயாசா என்று சொன்னால், அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு நிலையங்களின் பட்டியல் ஈயாசா இணையத்தளத்திலேயே இருக்கிறது. பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அங்கீகாரம் உள்ள நிலையம் முடிவில் கொடுக்கும் சான்றிதழ் ‘148ஆம் இலக்கப் படிவம்’. பொன் நிறத்தில் முத்திரை குத்திய டிப்ளோமா அந்தப் படிவம் ஆகாது.

வெளிநாட்டு வேலை வாக்குறுதி தனிக் கதை. வேலைக்கு ஆள் அனுப்புகிறவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இலக்கம் இருக்க வேண்டும். படிப்பையும் வேலையையும் ஒரே ரசீதில் விற்கிறவரிடம் அந்த இலக்கத்தைக் கேட்டுப் பணியகத்தில் சரிபாருங்கள். கட்டார் தன் லைசன்ஸை, தன் விதிப்படி, தானே கொடுக்கும். தம்பலகாமத்துப் பிள்ளைக்கு எந்த அனுபவமும் பார்க்காமல் டோஹாவில் பி2 வேலை என்பது நடக்காத காரியம்.

கல்லூரியின் தரத்தை அறிய இன்னொரு வழி, மகனையே அனுப்பிப் பட்டறையைப் பார்க்கச் சொல்வது. விமான வயரிங் வாகன வயரிங் போல அல்ல. சாதாரணமான 22 கேஜ் வயரில் 19 மெல்லிய இழைகள் இருக்கும். உறையை உரிக்கும்போது ஓர் இழைகூட அறுபடக்கூடாது. கீறலும் ஓரிரண்டுக்கு மேல் போகக்கூடாது. பின்னில் (வயர் நுனியில் பொருத்தும் சிறு உலோக முனையில்) செருகினால், பக்கத்தில் இருக்கும் சிறு துளை வழியே இழைகள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வயர் அடிவரை போகவில்லை, அதிர்வில் கழன்றுவிடும். வயரைப் பின்னில் அழுத்திப் பொருத்தும் கிரிம்ப் கருவி முழுச் சுற்று முடியாமல் வாயைத் திறக்காது; அதைப் ‘போ, போகாதே’ அளவுகோலால் அடிக்கடி சோதிக்க வேண்டும். வாகனத்தில் செய்வதுபோல் குறட்டால் நசித்து டேப் சுற்றிப் பழகிய கை இதை மறந்து புதிதாகப் பழக மாதங்கள் ஆகும். பட்டறையில் எத்தனை பேருக்கு ஒரு கிரிம்ப் கருவி, அந்த அளவுகோல் எங்கே என்று கேட்டால் போதும். திரையில் படம் காட்டுகிற இடம் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இனி சீனக்குடா. இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. பாதியை மட்டும் கேட்டுவிட்டுப் பலர் ஏமாறுவதால் விரிவாகச் சொல்கிறேன். விமானப்படையில் செய்த பராமரிப்பு வேலை லைசன்ஸுக்குரிய அனுபவமாக ஏற்றுக்கொள்ளப்படலாம். ஆனால் அது தானாக லைசன்ஸ் ஆகாது. முதலாவது, 12 மொடியூலும் எழுத வேண்டும். சீருடைக்கு அதில் சலுகை இல்லை. இரண்டாவது, வழமையாகச் சிவில் விமானத்தில் மேலும் 12 மாதம் வேலை செய்து காட்டக் கேட்பார்கள், ஏனென்றால் ஆவண முறையும் கையெழுத்துப் பொறுப்பும் அங்கே வேறு. மூன்றாவது, வேலை பல வகையாக இருக்க வேண்டும். சீனக்குடாவில் பயிற்சிக்குப் பறக்கும் பிடி-6 பிஸ்டன் எஞ்சின் விமானம், 28 வோல்ட் நேரோட்டம். பயணிகள் ஜெட்டில் 115 வோல்ட், 400 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம் பிரதானம். தன்னியக்கப் பறப்பும் வழிகாட்டற் கருவிகளும் பெரும் பகுதி. ஒரே வகை விமானத்தில் பத்து வருடம் பல்பு மாற்றியதைக் கொண்டுபோய் வைத்தால் ஏற்க மாட்டார்கள். நான்காவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: திகதி, விமானம், செய்த வேலை, மேற்பார்வையாளர் கையெழுத்து எல்லாம் சேவையில் இருக்கும்போதே எழுதி வாங்க வேண்டும். விலகிய பிறகு அந்தக் கையெழுத்துகளைத் தேடித் திரிவது மகா கஷ்டம்.

ஆகவே லைசன்ஸுக்காக மட்டும் படையில் சேர்வது சுற்று வழி. மகனுக்கு இப்போது பொருத்தமானது வேறு: லைசன்ஸ் இல்லாமலே ஒரு பராமரிப்பு நிறுவனத்தில் பயிலுநராக, மெக்கானிக்காகச் சேரலாம். வேலையை அவன் செய்வான், கையெழுத்தை லைசன்ஸ் உள்ளவர் வைப்பார். அந்த நாட்கள் எல்லாம் அவன் பதிவேட்டில் ஏறும். அத்தகைய இடங்கள் பெரும்பாலும் கட்டுநாயக்க, இரத்மலானைப் பக்கம்தான். விளம்பரம் வரும் நாட்களைக் கவனித்து நேரடியாக விண்ணப்பிக்கட்டும், இடையில் ஆள் வேண்டாம்.

மொடியூல்களை 1, 2, 3 என்று ஒவ்வொன்றாக எழுதலாம். ஆனால் முதல் சித்தியில் இருந்து லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கும் நாள் வரை பத்து வருடத்துக்கு மேல் போனால் அந்தச் சித்தி செல்லாது. அதனால் வேலைக்குச் சேர்ந்த பிறகு எழுதத் தொடங்கட்டும். அதற்கு முன் இருக்கும் மாதங்களில் தினமும் ஒரு மணித்தியாலம், தான் தமிழில் படித்த மின்னியலை ஆங்கிலப் பாடநூலில் மறுபடி வாசிக்கட்டும். மூன்று லட்சத்தை ஏற்கனவே கொடுத்திருந்தால் ரசீதையும், அவர் அனுப்பிய வட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் இந்த வாரமே எழுதுங்கள்.